வட்டியில் மட்டும் கத்தரி வையுங்கள்: மெதுவாக வளரும் செடிகளுக்குக் கவாத்து

வீட்டுத் தோட்டத்துக் கவாத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் செய்த தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2017 பங்குனி. வில்லியனூர் கொம்யூனில் எங்கள் நிலத்தின் வேலி முழுக்கக் கிளைரிசிடியா. தென்னைக்கு மூடாக்குப் போடத் தழை வேண்டுமென்று, வேலி மொத்தத்தையும் முட்டி உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். வேலை நன்றாகப் போனது. கையும் சூடாகிவிட்டது. அப்படியே கொல்லைப்புறம் வந்தேன். அங்கே அப்பா வைத்த களாச்செடிகள் ஒன்பது, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றன. போகிறவர் வருகிறவரை எல்லாம் முள் குத்தியது. அதே அரிவாள், அதே முட்டி உயரம். கிணற்றடியில் இருந்த ஒரு காசான் செடியையும் விடவில்லை.

மறுநாள் காலை, எங்கள் நிலத்தில் நடவு முதல் அறுப்பு வரை பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது, மொட்டை அடிச்சிட்டீங்க? கிளைரிசிடியாவுக்குச் சோறு அடியில இருக்கு, வெட்டுனா தழைஞ்சிடும். இதுக்கெல்லாம் சோறு தழையிலதான சார் இருக்கு?"

கத்திரி வெயில் முடிவதற்குள் ஒன்பதில் மூன்று களா காய்ந்துவிட்டன. மிச்சம் ஆறும் துளிர்த்தன, ஆனால் மூன்று வருஷம் ஊறுகாய் போடும் அளவுக்குக் காய் இல்லை. காசான் சாகவில்லை. நான்கு வருஷம் பூக்கவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து, "முதலில் கை வைக்காதீங்க, வட்டியை எடுத்துச் செலவு பண்ணுங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்ன ஆள் நான். என் கொல்லையில் முதலையே வெட்டி எடுத்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது அந்த ஒன்றைத்தான். மெதுவாக வளரும், என்றும் பச்சையாக நிற்கும் செடிக்கு இலைதான் முதல். ஒரு வருஷத்தில் அது புதிதாக வளர்ந்தது வட்டி. கத்தரி வட்டியோடு நிற்க வேண்டும். ஏன், எப்போது, எப்படி என்று பார்ப்போம்.

சோறு எங்கே இருக்கிறது?

பெரியவர் சொன்னது தாவரவியல்படியும் சரி. கிளைரிசிடியா, முருங்கை போன்றவை வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிடும். இலை இல்லாத நாளுக்கு வேண்டிய சத்தைத் தண்டிலும் வேரிலும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். தலையை வெட்டினாலும் அந்தச் சேமிப்பிலிருந்து தளதளவென்று துளிர்த்துவிடுகிறது. நொச்சி, ஆடாதோடை, மருதாணி எல்லாமும் ஆழமாக வெட்டினால் தாங்கும். பூச்சிவிரட்டிக்கும் மூடாக்குக்கும் நாம் நாள்தோறும் வெட்டுவது இவற்றைத்தான். அதனாலேயே நம் கை அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது.

களா, காசான், வெட்சி என்கிற இட்லிப்பூ, எலுமிச்சை, நந்தியாவட்டை இவையெல்லாம் வேறு சாதி. இலை தடித்தது, மேலே மெழுகு பூசினாற்போல இருக்கும். ஒவ்வோர் இலையும் வெகுநாள் வேலை செய்யும். செடியின் சேமிப்பில் நல்ல பங்கு அந்த இலையிலேயே இருக்கிறது. இலையை மொத்தமாக எடுத்துவிட்டால் சம்பளமும் போச்சு, சேமிப்பும் போச்சு. அதற்குப் பிறகு வேருக்குச் சோறு போட யாரும் இல்லை. இதில் எலுமிச்சை கொஞ்சம் வேகம், காசான் ரொம்ப மெதுவு. கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

காசானைப் பற்றி ஒரு வார்த்தை. காயா என்று இலக்கியத்தில் வருவது இதுதான். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் காயாம்பூ. நம் கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் செடி. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு வரும். அங்கே காசான் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். கட்டை இரும்பு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட கட்டை அவசரமாக வளராது.

வெட்டாமலே விட்டால் என்ன?

இயற்கை வழிக்கு வந்த நண்பர்கள் அடுத்துக் கேட்பது இதுதான்: "கோயில் காட்டில் யார் கவாத்து பண்ணுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. இதற்கு ஃபுகோகாவே அனுபவப்பட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா கவாத்து செய்து பழக்கிவைத்திருந்த ஆரஞ்சுத் தோட்டத்தை, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அவர் அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, நூற்றுக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். ஒருமுறை மனிதக் கை பட்டு உருவம் மாறிய செடியைத் திடீரென்று விட்டுவிட முடியாது.

கோயில் காட்டுச் செடி விதை விழுந்த இடத்திலேயே முளைத்து, தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டது. நம் கொல்லையில் சுவர் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மின்கம்பி போகிறது, பேரப்பிள்ளை ஓடுகிறது. ஆகவே கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும். அதைவிட நல்ல கவாத்து ஒன்று உண்டு: நடும்போதே இடம் விட்டு நடுவது. களாவைப் பாதையிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்திருந்தால் எனக்கு அன்றைக்கு அரிவாளே தேவைப்பட்டிருக்காது.

எவ்வளவு வெட்டலாம்? நூல் கட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு செடியும் எவ்வளவு வட்டி தருகிறது என்பது மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தது. புத்தகத்தில் தேட வேண்டாம், நாமே அளக்கலாம். தை மாதத்தில் ஒரு செடியில் ஐந்து கிளை நுனிகளைத் தேர்ந்தெடுத்து, நுனிக்குக் கீழே சிவப்பு நூல் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அடுத்த தையில் நூலுக்கு மேலே வளர்ந்ததை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் இருப்பது: வெட்டிய கிளைரிசிடியா பத்து மாதத்தில் என்னைவிட உயரம். களா ஏறக்குறைய ஒன்றரைச் சாண். காசான் நான்கு விரற்கடைதான். ஒரே கொல்லை, ஒரே மழை, ஆனால் வட்டி விகிதத்தில் இத்தனை வித்தியாசம்.

இதை வைத்து நான் கடைப்பிடிக்கிற கணக்கு இரண்டு:

1. எந்தக் கிளை நுனியிலும் அந்த வருஷ வளர்ச்சியில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை.

2. செடி மொத்தத்தில், ஒரு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு இலைக்கு மேல் குறைப்பதில்லை. நட்டு மூன்று வருஷம் ஆகாத செடியில் காய்ந்ததைத் தவிர எதையும் தொடுவதில்லை.

எப்போது வெட்டலாம்?

புதுச்சேரிப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நீண்ட காய்ச்சல். இந்த ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு இரண்டு தவணைகள் கிடைக்கின்றன.

முதல் தவணை ஆடிக் கடைசி, ஆவணி. சாயங்கால இடிமழை இரண்டு மூன்று விழுந்து மண் நனைந்திருக்கும். இப்போது வெட்டினால் வரும் துளிர், ஐப்பசி அடைமழைக்கு முன் முற்றிவிடும். களா அறுத்து முடித்த நேரமும் இதுதான். செடியின் உள்கூட்டை இப்போதே விலக்கி வைத்தால் புயலில் காற்று ஊடே போய்விடும்.

இரண்டாவது தவணை தைக் கடைசி, மாசி முதல் பாதி. மண்ணில் ஈரம் இருக்கும், மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. காய்ந்த குச்சி, உரசும் கிளை எடுக்க ஏற்ற நேரம்.

பங்குனி முதல் வைகாசி வரை கத்தரியைத் தொடாதீர்கள். உள்ளே நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலைப் பார்த்தால் வெந்து வெடிக்கும். என் களாக்கள் செத்தது அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம். ஈரக் காயத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் சுலபமாக ஏறும். காய்ந்து தொங்குகிற கிளை, ஒடிந்த கிளைக்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டியதில்லை.

எப்படி வெட்டுவது?

அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு கை ரம்பம் போதும். இரண்டும் கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரி பட்டையை நசுக்கும், நசுங்கின இடம் அழுகும். நோய்ப்பட்ட செடியில் வைத்த கத்தரியை அடுத்த செடிக்குப் போகும்முன் சாராய ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

முதலில் செடியைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். நான் கால் மணி நேரம் பார்க்கிறேன், ஐந்து நிமிஷம் வெட்டுகிறேன். பிறகு இந்த வரிசை:

1. காய்ந்தது, ஒடிந்தது, நோய்ப்பட்டது.

2. ஒன்றையொன்று உரசும் இரண்டு கிளைகளில் மெலிந்தது.

3. ஒட்டுச் செடியானால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர். எலுமிச்சையில் நேராக மேலே பாயும் நீர்ப்போத்து.

4. செடியின் நடுவை அடைத்துக்கொண்டு உள்நோக்கி வளரும் சிறு கிளைகள்.

இந்த நான்கையும் எடுத்ததும் நில்லுங்கள். பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு போதுமானதாக இருக்கும். உயரம் குறைக்க வேண்டுமென்றால் இதற்குப் பிறகுதான்.

நுனியை வெட்டும்போது ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சரிவாக வெட்டுங்கள். அந்தக் கணு வெளிப்பக்கம் பார்த்த கணுவாக இருந்தால் புதுத் துளிரும் வெளிப்பக்கம் போகும். நுனி மொட்டு இருக்கும்வரை அதில் சுரக்கும் ஆக்சின் கீழே உள்ள மொட்டுகளை உறங்கவைக்கும். நுனி போனால் அவை விழிக்கும். மெதுவாக வளரும் செடியில், இலையே இல்லாத முதிர்ந்த கட்டையில் உள்ள மொட்டுகள் விழிக்க வருஷக்கணக்காகலாம், விழிக்காமலும் போகலாம். அதனால் வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலை நான்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கட்டைவிரலைவிடத் தடித்த கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிப்பக்கமாகக் கால்வாசி அறுங்கள். பிறகு இரண்டு விரல் தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். கடைசியாக, கிளை தண்டோடு சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்து புடைத்த கழுத்து போல இருக்குமே, அதை விட்டுவிட்டு அதற்குச் சற்று வெளியே அறுங்கள். தண்டோடு ஒட்ட வழித்துவிடாதீர்கள், முளைக்குச்சி மாதிரி நீட்டியும் விடாதீர்கள்.

இதைத் தெளிவாக்கியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரத்துக்குக் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை, பாதிக்கப்பட்ட கட்டையைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று காட்டினார். அந்தச் சுவர் எழும்புவது கிளைக் கழுத்தில்தான். காயத்தின்மேல் பூசுகிற பூச்சு அழுகலைத் தடுக்காது என்பதும் அவர் கண்டது. நாம் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுகிறோம். நானும் பெரிய வெட்டுக்குப் பூசுகிறேன், வெயில் நேராகப் படாமல் இருக்கட்டும் என்று. ஆனால் தப்பாக வெட்டிவிட்டுச் சாணி பூசினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

செடிக்குச் செடி

களா: இளங்கிளை நுனியில் பூக்கும். ஆகவே காய் பறித்த கையோடு கவாத்தையும் முடித்துவிட வேண்டும். தை தாண்டி வெட்டினால் அந்த வருஷக் காய் போச்சு. வேலியாக விட்டிருந்தால் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் வையுங்கள். தலை அகன்றால் அடிக்கிளைக்கு வெயில் கிடைக்காமல் இலை உதிர்ந்து, ஆடு நுழைய வழியாகிவிடும்.

வெட்சி: ஒவ்வொரு நுனியும் ஒரு பூங்கொத்து. கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஒரு கணுவோடு கிள்ளிவிட்டால் அதுவே கவாத்து. பூங்காக்களில் செய்கிற மாதிரி மட்டம் வைத்து மழிக்காதீர்கள். மழித்துக்கொண்டே இருந்தால் வெளியே ஒரு அங்குலத்துக்குப் பச்சை ஓடு, உள்ளே வெறும் குச்சி என்றாகிவிடும். பிறகு ஒரு கிளை பட்டாலும் அந்த ஓட்டை வெகுநாள் மூடாது.

காசான்: இலைக் கணுவிலும், இலை உதிர்ந்த பழைய குச்சியிலும் பூக்கும். பழைய குச்சி என்று வெட்டித் தள்ளினால் பூவைத் தள்ளுகிறோம். காய்ந்ததை மட்டும் எடுங்கள். நான் இப்போது அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எலுமிச்சை: காய்ந்த குச்சி, நீர்ப்போத்து, தரையைத் தொடும் கிளை, இவ்வளவே. உள்ளே நிழலில் இருக்கும் சிறு குச்சிகளிலும் காய் பிடிக்கும், அவசரப்பட்டுச் சுத்தம் பண்ணாதீர்கள். சொறிநோய் இருந்தால் மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். அது பாக்டீரியா, மழைச் சாரலில் காயம் வழியாகப் பரவும்.

கறிவேப்பிலை: முதல் வருஷம் மந்தம், வேர் பிடித்தபின் வேகம். கிட்டத்தட்ட மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும். சமையலுக்கு இலையை உருவாமல் கிளை நுனியோடு வெட்டிப் பறித்தால் அறுவடையே கவாத்தாகிவிடும். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், சத்து இலைக்குப் போகட்டும்.

காடாய் மண்டிப்போன பழைய செடியா? ஒரே நாளில் சரிசெய்ய நினைக்காதீர்கள். பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருஷம் அடியோடு எடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருஷம் கடைசிப் பங்கு. எந்த நாளிலும் செடி மொட்டையாக நிற்காது. மூன்று தவணைக் கடன் மாதிரி.

வெள்ளத்துக்குப் பிறகு அவசரப்படாதீர்கள்

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை நாம் யாரும் மறக்க மாட்டோம். எங்கள் பக்கம் சங்கராபரணி, பாகூர் பக்கம் தென்பெண்ணை, இரண்டும் கரை மீறின. தண்ணீர் வடிந்தபின் பல வீடுகளில் நான் பார்த்தது ஒன்று. எலுமிச்சையும் வெட்சியும் இலை பழுத்துக் கொட்டிக் குச்சியாய் நின்றன. "செத்துப்போச்சு" என்று அடியோடு வெட்டிவிட்டார்கள்.

நீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டி, இலைக்குத் தண்ணீர் அனுப்ப முடியாமல் போகிறது. இலை கொட்டுவது செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாகவும் இருக்கலாம். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரை வடித்து, சாய்ந்ததை நிமிர்த்தி முட்டுக்கொடுத்து, தண்டைச் சுற்றிப் படிந்த சேற்றை விலக்கிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எது துளிர்க்கிறது, எது பட்டது என்று செடியே காட்டும். அப்போது பட்டதை மட்டும் எடுத்தால் போதும். நான் அப்படிக் காத்திருந்த ஒரு எலுமிச்சை, மாசியில் தண்டின் நடுவிலிருந்து துளிர்த்தது.

வெட்டியது எங்கே போகும்?

இலையும் சிறு குச்சியும் அந்தச் செடிக்கே மூடாக்கு. தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். களா முள்கிளை, புதுக் கன்றுகளைச் சுற்றி ஆட்டுக்குத் தடை. அரளி வெட்டினால் மட்டும் அந்தத் தழையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், விஷம். கவாத்து முடிந்தபின் சீக்கிரம் தழையட்டும் என்று ஊட்டம் கொட்ட வேண்டாம். மக்கு எரு ஒரு கூடை, அமிர்தக்கரைசல் ஒருமுறை, போதும். ஊட்டம் அதிகமானால் வரும் இளந்தளிருக்கு அசுவினி முதலில் வந்து நிற்கும்.

செத்த மூன்று களாவின் இடத்தில் புதிதாக மூன்று வைத்திருக்கிறேன், இந்த முறை பாதையிலிருந்து தள்ளி. அவை அப்பாவுடைய செடிகளின் உயரத்தைத் தொடுவதைப் பார்க்க எனக்கு வயது இருக்குமா என்பது வேறு விஷயம். மெதுவாக வளரும் செடியில் ஒரு நிமிஷத்தில் செய்யும் தப்பை அடைக்கப் பத்து வருஷம் ஆகும். ஆகவே நண்பர்களே, இந்த மாதமே கத்தரியை எடுக்க வேண்டாம். முதலில் ஒரு சிவப்பு நூல்கண்டு வாங்குங்கள். ஐந்து நுனியில் கட்டுங்கள். உங்கள் செடி எவ்வளவு வட்டி தருகிறது என்று அடுத்த வருஷம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வெட்டலாம்.